ஸ்டம்ப்ஜம்பர் ஈவோ: ஆறு செட்டிங்ல எனக்கு செட் ஆனது எது

நார்த் வான்கூவர்ல ரெண்டு சீசனா ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியோட ஸ்டம்ப்ஜம்பர் ஈவோங்கிற மவுண்டன் பைக்தான் (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டுறேன், 2021 மாடல், முன்னாடி 160 பின்னாடி 150 மில்லிமீட்டர் ட்ராவல் (சஸ்பென்ஷன் அமுங்குற தூரம்), ரெண்டு சக்கரமும் 29 இஞ்ச். வாங்குனதுக்கு முக்கியமான காரணமே ஃப்ரேம் ஜியாமெட்ரிய, அதாவது அதோட கோணம் உயரமெல்லாம், நாமளே வீட்ல வச்சு மாத்திக்கலாம்ங்கிறதுதான். ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கோட சாய்வு, எண் கொறஞ்சா சாய்வு கூடும்) 63 டிகிரில இருந்து 65.5 வரைக்கும் அரை அரை டிகிரியா மொத்தம் ஆறு செட்டிங்.

மாத்துற எடம் ரெண்டு. ஒண்ணு ஹெட்செட்டோட (ஃபோர்க் ஃப்ரேம்ல திரும்புற பேரிங் செட்) மேல் கப். நேரான கப் ஒண்ணு, சாய்வான கப் ஒண்ணு இருக்கு, சாய்வான கப்ப எந்தப் பக்கம் திருப்பி போடுறோமோ அதுக்கேத்த மாதிரி ஒரு டிகிரி கூடும் இல்ல குறையும், இதுக்கு பிரஸ் டூல் எல்லாம் வேணாம், ஸ்டெம்ம (ஹேண்டில்பாரப் பிடிக்கிற துண்டு) கழட்டி ஃபோர்க்க கொஞ்சம் எறக்குனா கப் கையோட வந்துரும். இன்னொண்ணு செயின்ஸ்டே (பின் சக்கரத்துக்கு போற கீழ்க் குழாய்) பின்னாடி பிவட்ல (அசையுற இணைப்புல) இருக்க ஃபிளிப் சிப், திருப்பி போடுற ஒரு சின்ன துண்டு, ஹை இல்ல லோ. அதுல ஆங்கிள் அரை டிகிரிதான் மாறும், ஆனா பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்துற அச்சு இருக்க எடம்) 7 மில்லிமீட்டர் ஏறி எறங்கும்.

எல்லாரும் ஹெட் ஆங்கிள பத்தியே பேசுறாங்க, என்னைக் கேட்டா இந்த 7 மில்லிமீட்டர்தான் பெரிய விஷயம். மொதல்ல கப்ப ஸ்லாக்கா (சாய்வு கூடுற மாதிரி) போட்டு சிப்ப லோல வச்சு, அதாவது 63 டிகிரில, ஃப்ரோம் மலைக்கு போனேன். செங்குத்தான எறக்கத்துல முன் சக்கரம் நல்லா தள்ளி நிக்கிறதால ஹேண்டில்பாருக்கு மேல தூக்கி எறிஞ்சிருமோங்கிற பயமே வரல, அவ்ளோ நம்பிக்கையா இருந்துச்சு. ஆனா ஏறும்போது வேர், கல்லு எல்லாத்துலயும் பெடல் இடிக்குது, சீட் ஆங்கிளும் கூடவே சாயறதால உடம்பு பின்னாடி போய் முன் சக்கரம் அலையுது.

நடுவுல ஒரு கடையில சர்வீஸுக்கு விட்டப்போ கப்ப தலகீழா திருப்பி மாட்டிட்டாங்க. தெரிஞ்ச ட்ரெயில்லயே வண்டி பதட்டமா ஓடுது, ஸ்டியரிங் சட்டு சட்டுனு திரும்புது, என்னன்னு புரியாம வீட்டுக்கு வந்து போன்ல இருக்க லெவல் ஆப்ப ஃபோர்க் மேல வச்சு பாத்தா 65. ரெண்டு டிகிரி வித்தியாசம்னா என்னன்னு அன்னைக்குதான் உடம்புல தெரிஞ்சுது. தயவுசெஞ்சு கடையில இருந்து எடுத்தவுடனே அளந்து பாருங்க.

இப்போ எனக்கு செட் ஆனது ஸ்லாக் கப், ஹை சிப், 63.5. முன்னாடி எறக்கத்துக்கு வேணுங்கிற சாய்வு கெடைக்குது, பெடலும் தப்பிக்குது, சீட்ட ரெயில்ல கொஞ்சம் முன்னாடி தள்ளுனதுல ஏத்தமும் பரவால்ல. விஸ்லர் பைக் பார்க் போனா மட்டும் சிப்ப லோக்கு மாத்துவேன், அங்க லிஃப்ட்லதான் மேல போறோம், அதனால ஏத்தத்துல பெடல் இடிக்கிற பிரச்சனையே இல்ல, பெர்ம்ல (ஓரத்துல மண்ண ஒசத்தி கட்டுன வளைவு) வண்டி தரையோட ஒட்டி திரும்புறது அவ்ளோ நல்லா இருக்கும்.

புதுசா வாங்குறவங்க மொதல்ல சேக் (நாம ஏறி உக்காந்ததும் சஸ்பென்ஷன் அமுங்குற அளவு) சரி பண்ணுங்க, நான் 30 சதவீதம் வைக்கிறேன். 150 மில்லிமீட்டர் ட்ராவல்ல சேக் 5 சதவீதம் கூடுனாலே பின் சக்கரம் 7.5 மில்லிமீட்டர் உள்ள போயிரும், அப்புறம் சிப்ப மாத்துனது எப்படி தெரியும்? கப்பையும் சிப்பையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, ஒண்ண மாத்திட்டு அதே ட்ரெயில்ல நாலஞ்சு தடவ ஓட்டிட்டு அடுத்தத தொடுங்க, போல்ட்ட டார்க் ரெஞ்ச் (முறுக்குற அளவ காட்டுற ஸ்பேனர்) வச்சே முறுக்குங்க.