கோல்ட் கோஸ்ட்டா, டர்பனா? சுங்கை சிப்புட்டிலிருந்து போய் வந்த கணக்கு

வரும் மே, ஜூன் பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு குடும்பங்கள் என்னைக் கேட்டுவிட்டன. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டுக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் குடும்பத்தோடு போய் வந்தவன் என்பதால் கேட்கிறார்கள். முதல் பயணம் மனைவி, பிள்ளைகளோடு. இரண்டாவதில் அம்மாவும் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதுவரை விமானம் ஏறாதவர். ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

இரண்டு இடமும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. கோல்ட் கோஸ்ட் 28 டிகிரி, டர்பன் 30 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே. இரண்டிலும் கிழக்கே கடல், மேற்கே மலை. வடக்கிலிருந்து வெந்நீரோட்டம் கரையை ஒட்டி வருகிறது. ஜூனில் மழை குறைவு, பகல் இதமாக இருக்கும். வண்டி நம் ஊரைப்போல இடப்பக்கம்தான். கடற்கரையை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. கோல்ட் கோஸ்ட்டில் உயிர்காப்பாளர்கள் நட்ட சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளியுங்கள், டர்பனில் சுறாவலை போட்ட கரைகளில் குளியுங்கள். சரி, கடல் அவ்வளவுதான். முடிவு செய்ய வேண்டியது கடலுக்குப் பின்னால் இருக்கும் உள்நாட்டை வைத்து.

அதற்கு முன் ஒரு விஷயம். இரண்டு ஊரிலும் ஜூனில் மாலை ஐந்து மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் பார்த்துப் பழகிய நாம் இதை மறந்துவிட்டுத் திட்டம் போடுகிறோம். முதல் பயணத்தில் நானும் மறந்தேன். பத்து மணிக்குப் பசியாறிவிட்டுக் கிளம்பி, மலையில் இரண்டு இடம் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு மலை, ஒரு அருவி என்று போடுங்கள், போதும்.

கோல்ட் கோஸ்ட் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் பெரிய வசதி, எல்லாம் பக்கத்தில் இருப்பது. சர்ஃபர்ஸ் பாரடைஸில் அறை எடுத்தால் தம்போரின் மலை, ஸ்பிரிங்புரூக் இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தெற்கே பைரன் பே நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி அது. 1901-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தடியில் நின்றால், ஜூனில் வடக்கே போகிற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கண்ணில் படும். எங்களுக்கு மூன்று முறை நீர் பீய்ச்சுவது தெரிந்தது. என் மகள் ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணினாள்.

இந்த மலைகள் சுமார் 23 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய குழம்பில் உருவானவை. ஸ்பிரிங்புரூக் பூங்காவில் நேச்சுரல் பிரிட்ஜ் என்ற குகை இருக்கிறது. கூரையில் ஓட்டை விழுந்து, அதன் வழியே அருவி உள்ளே கொட்டுகிறது. இருட்டிய பிறகு அங்கே போங்கள். பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புழுக்கள் நீலமாக ஒளிவிடும். கோலசிலாங்கூர் மின்மினிகள் மரம் முழுக்க ஒன்றாகக் கண்சிமிட்டும் அல்லவா? இவை அப்படி இல்லை, அசையாமல் ஊசிமுனை அளவில் எரிந்துகொண்டே இருக்கும். டார்ச்சை அடிக்காதீர்கள், ஒளியை அடக்கிக்கொண்டுவிடும். இந்தப் புழுக்கள் கோடை மழைக்காலத்தில்தான் அதிகம் ஒளிரும், ஜூனில் கொஞ்சம் குறைவு. அப்படியும் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் நின்றார்கள்.

கோயிலுக்குப் போகவேண்டும் என்பவர்களுக்கு, பிரிஸ்பனுக்குத் தெற்கே சவுத் மக்ளீனில் செல்வ விநாயகர் கோயில் இருக்கிறது.

டர்பன் இவ்வளவு கைக்கடக்கமான இடம் இல்லை. உள்நாட்டுக்கு இரண்டு திசை. வடக்கே செயின்ட் லூசியா, சுமார் 240 கிலோமீட்டர். மேற்கே டிராக்கன்ஸ்பர்க் மலை, அதுவும் ஏறத்தாழ அதே தூரம். பத்து நாளில் இரண்டையும் பிடிக்க நினைத்தால் பாதி விடுமுறை வண்டியிலேயே போய்விடும். நாங்கள் வடக்கை எடுத்தோம். ஜூன் இரவில் மலைப்பக்கம் உறைபனி விழும், அம்மாவின் முழங்கால் தாங்காது. செயின்ட் லூசியாவில் நடக்கவே வேண்டாம். கழிமுகத்தில் இரண்டு மணி நேரம் படகில் உட்கார்ந்தால் நீர்யானைகளை வீட்டு மாட்டைப் பார்ப்பதுபோல அருகில் பார்க்கலாம். இரவில் அவை ஊருக்குள்ளேயே மேய வருவதால் இருட்டில் தெருவில் நடக்கக்கூடாது. பக்கத்தில் 1895-இல் ஏற்படுத்திய லூலுவே இம்ஃபோலோசி காப்பகம். வெள்ளைக் காண்டாமிருக இனம் அழியாமல் தப்பியது இங்கேதான்.

ஆனால் நான் டர்பனைச் சொல்வது நீர்யானைக்காக இல்லை.

1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் டர்பனைச் சுற்றிய நட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒன்றரை லட்சம் பேர் போனார்கள், அதில் பெரும்பகுதி நம் தமிழ், தெலுங்கு ஆட்கள். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் முடிந்தது, அங்கே 1911-இல். ஒரே மதராஸ் மாகாணத்திலிருந்து கிளம்பி, வெவ்வேறு கப்பலில் ஏறியவர்கள். அவர்கள் கரும்புக்குப் போனார்கள், நாம் காப்பிக்கும் கரும்புக்கும் அப்புறம் ரப்பருக்கும் வந்தோம். கடைப் பலகைகளில் கோவெண்டர், மூட்லி, பிள்ளை என்று பெயர்கள். கவுண்டரும் முதலியும் அந்த ஊர் வாயில் அப்படி ஆகியிருக்கிறார்கள்.

டர்பனிலிருந்து அரைமணி நேரத்துக்குள் மவுண்ட் எட்ஜ்கோம்ப். பழைய கரும்புத் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டத்து மக்கள் எழுப்பிய கணபதி கோயில் அங்கே இருக்கிறது. சுற்றியிருந்த கரும்பு நிலத்தில் நிறைய இப்போது வீடுகளும் கோல்ஃப் திடலும் ஆகிவிட்டது. தோட்டம் போய்க் கோயில் மட்டும் நிற்கிற காட்சி நமக்குப் புதிதா? அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அங்கே ஒரு பாட்டி தேவாரம் பாடினார். கையில் இருந்த தாளில் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேசவும் வராது. ஆனால் மெட்டு ஒரு இடத்திலும் பிசகவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கத்தி பிடித்த காய்ப்பு தன் கையில் இருப்பதுபோல அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். அந்தப் பாட்டி பள்ளியில் வேலை பார்த்தவராம், கை மெத்தென்று இருந்தது. "நல்லா இருக்கட்டும்" என்றார் அம்மா.

ஒரு நாளை பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஒதுக்குங்கள், 80 கிலோமீட்டர்தான். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் இருக்கிறது. காந்தியின் போராட்டத்தில் சேர்ந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையிருந்ததும் இந்த ஊரில்தான். 1914 பிப்ரவரியில், விடுதலையான சில நாட்களில் அந்தப் பெண் இறந்தபோது வயது பதினாறு. என் மூத்த மகளின் வயது. இன்னும் கொஞ்சம் போனால் ஹோவிக் அருவி, 95 மீட்டர். அருகிலேயே 1962-இல் மண்டேலாவைப் பிடித்த இடம். ஐம்பது இரும்புத் தூண்கள் ஒரு குறிப்பிட்ட தூரத்திலிருந்து பார்க்கும்போது அவர் முகமாகச் சேர்கின்றன.

சாப்பாட்டில் டர்பனுக்குத்தான் என் ஓட்டு. கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றி, குடைந்த துண்டை மேலே மூடித் தருகிறார்கள், பன்னி சௌ என்று பெயர். அம்மா பயற்றங்கறி போட்டதைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டு முடித்தார்.

இனிப் பணமும் பயமும். ஆஸ்திரேலிய டாலர் நம் வெள்ளியை (ரிங்கிட்டை) விட மதிப்பு கூடியது, தென்னாப்பிரிக்க ராண்ட் மதிப்பு குறைந்தது. தரையிறங்கிய பிறகு டர்பன் மலிவு. டிக்கெட்டில் நேர்மாறு: பிரிஸ்பன் சிங்கப்பூரிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், டர்பனுக்கு துபாய் வழியாகவோ ஜோகன்னஸ்பர்க் வழியாகவோ மாறிப் போகவேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி எடுக்கவேண்டும், தென்னாப்பிரிக்காவுக்குக் குறுகிய சுற்றுலா என்றால் விசா கேட்பதில்லை.

குவீன்ஸ்லாந்தில் நானே ஓட்டினேன், கவலை இல்லை. டர்பனில் வண்டியோடு ஓட்டுநரையும் எடுத்துக்கொண்டோம். குற்றங்கள் உண்மையிலேயே அதிகம், இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் போகாதீர்கள், வண்டிக்குள் பை தெரியும்படி வைக்காதீர்கள். இதை மறைத்துவிட்டுப் போகச் சொல்வது சரியில்லை.

வாடகை வண்டிக்கு ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். பிரிஸ்பனில் என் டெபிட் கார்டை வாங்க மறுத்துவிட்டார்கள், மனைவியின் கார்டும் செல்லாது என்றார்கள். அவர் பெயரை ஓட்டுநராகச் சேர்த்து முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போனது. ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வரிசை வீட்டுக்காரர்களுக்கு மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள், அவர்களைக் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன். மூலைவீட்டுக்காரர் தன் அப்பாவை அழைத்துப் போகிறார். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே ஓய்வு பெற்றவர் அவர். டர்பன்தான் என்று அடித்துச் சொன்னேன். ஓட்டுநரின் எண்ணையும் கொடுத்துவிட்டேன். பெரியவருக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் மட்டும் ஈப்போவில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன், விடியற்காலை காப்பகத்துக்குள் திறந்த வண்டியில் குளிர் கடுமையாக இருக்கும்.