கரைப் பாதைக்கு ஒரு கூடார வண்டி: கமான் பட்டையா, ரப்பர் அச்சா?

காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, உள்ளேயே படுத்துத் தூங்கலாம் என்கிற வண்டியைச் சொந்தமாகக் கட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் பார்ப்பது ஆஸ்திரேலியக்காரர்களின் காணொளிகளைத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். அவர்களுக்குக் கல்லும் பாறையும் முடிவே இல்லாத செம்மண் சாலையும். அதற்கேற்ப உயரமாக, கனமாகக் கட்டுகிறார்கள். நம் டெல்டாவில் பாறை ஏது? கல்லணையில் புறப்பட்டுக் கோடியக்கரை வரை போனாலும் நம்மைச் சோதிப்பது களிமண் சேறும், ஒரு வண்டி மட்டும் போகிற ஆற்றங்கரைப் பாதையும், கடலோரத்து உப்புக் காற்றும்தான். ஐப்பசி மழையில் ஊறிய வண்டல் மண்ணில் ஒவ்வொரு பத்து கிலோவும் தெரியும். அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கேள்வியாக எடையைத்தான் கேட்டேன்.

அடிச்சட்டத்துக்கு மூன்று யோசனைகள் வந்தன. பழைய டிராக்டர் டிரெய்லரை வாங்கி மாற்றலாம் என்றார் ஒருவர். எந்த ஊரிலும் வேப்பமரத்தடியில் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும், விலையும் மலிவு. ஆனால் அது டன் கணக்கில் நெல் ஏற்றுவதற்காகக் கட்டியது. நம் பாத்திரமும் மெத்தையும் அதற்கு ஒரு பாரமே கிடையாது, ஸ்பிரிங் அசையாது. வெறும் வண்டியை இழுக்கவே காருக்கு மூச்சு வாங்கும். பழைய சின்னச் சரக்கு வண்டியின் பின்பாதியை அறுத்துக் கொள்வது இன்னொரு யோசனை. அதில், என்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தருகிற டிஃபரன்ஷியலை, நமக்குத் தேவையே இல்லாமல் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். அதோடு வேறொரு வண்டியின் சேஸிஸ் எண்ணும் கூடவே வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே கணக்கில் எடுக்கிறது. தனிப் பதிவு, தனி எண் பலகை எல்லாம் வேண்டும். ஆகவே முதல் வெல்டிங்குக்கு முன்பே வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

புது இரும்பில் கட்டுவது என்று முடிவானதும் ஒரு பக்கம் திறந்த சி-சேனலா, நான்கு பக்கமும் மூடிய பாக்ஸ் பைப்பா என்ற கேள்வி வந்தது. என் சட்டத்துக்கு ஏறக்குறைய 18 மீட்டர் தேவைப்பட்டது. 100 மி.மீ. சேனல் மீட்டருக்கு ஒன்பதரை கிலோ. 100-க்கு 50 அளவில் 3 மி.மீ. கனமுள்ள பாக்ஸ் பைப் 7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தத்தில் 50 கிலோ, அதாவது இரண்டு அரிசிச் சிப்பம் மிச்சம். முறுக்கு விசையையும் மூடிய பைப்தான் நன்றாகத் தாங்கும். சேனலுக்கு இருக்கிற ஒரே பெருமை, துரு எங்கே பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். பைப் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வேதாரண்யம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பைப்பின் தாழ்ந்த முனைகளில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகு, உள்ளே பழைய என்ஜின் ஆயிலை ஊற்றிச் சாய்த்துச் சாய்த்து ஓடவிட்டோம். திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பாய்லர் வேலை பார்த்துப் பழகிய வெல்டர் கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் கைத்தையலே வேறு.

பட்டறையில் நாள்கணக்கில் பேசியது அச்சையும் ஸ்பிரிங்கையும் பற்றித்தான்.

கமான் பட்டை என்பது எஃகு இலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த ஸ்பிரிங். அதன் பெரிய பலம், உடைந்தால் திருத்துறைப்பூண்டியிலும் ஆள் உண்டு, பேராவூரணியிலும் ஆள் உண்டு. நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாள் அடிப்பதே பழைய கமான் பட்டையில்தான், அந்த எஃகின் குணம் தெரியாத உலைக்களம் இங்கே இல்லை. குறையும் உண்டு. இலைகளுக்கு நடுவே சேறும் உப்பும் ஏறி ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைக்க வேண்டும். இன்னொன்று, பொலிரோ மாதிரி வண்டியின் பின் பட்டையை அப்படியே மாட்டிவிடக் கூடாது. நாங்கள் மாட்டினோம். வடுவூர் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி எகிறியதைக் கண்ணாடியில் பார்த்தேன். இறங்கிப் போய்க் கதவைத் திறந்தால் அடுப்பு ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம். இரண்டு இலைகளை உருவிய பிறகுதான் சக்கரம் தரையை விடாமல் ஓடியது.

ரப்பர் அச்சு பார்க்க அழகான ஏற்பாடு. சதுரக் குழாய்க்குள் இன்னொரு சதுரக் கம்பி, நடுவில் ரப்பர் உருளைகள். சக்கரம் மேலே போனால் ரப்பர் நசுங்கும், அவ்வளவுதான். கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை, இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசையும். ஆனால் எவ்வளவு பாரம் என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். பட்டையில் இலை கூட்டுவது, குறைப்பது போல இதில் கைவைக்க வழி இல்லை. கெட்டுப்போனால் முழு அச்சையும் மாற்ற வேண்டும், அதுவரை வண்டி வயலோரத்தில் கிடக்கும். தார்ச் சாலையிலேயே போய்வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, குறுக்கு அச்சே இல்லாமல், காயில் ஸ்பிரிங்கோடு ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்க பக்கத்துக்கு ஒரு தனிக் கை. டெல்டாவுக்கென்றே இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கரைப் பாதையில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும். தை மாதம் அது காய்ந்தால் கல்தான். குறுக்கு அச்சு இருக்கிற வண்டி அந்த மேட்டில் உரசிக்கொண்டே வரும். தனிக் கை வைத்தால் நடுவில் ஒன்றுமே இல்லை, மேடு தாராளமாகக் கடந்துபோகும். பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றி மாட்டினால் இந்தச் சிக்கல் தீரும் என்று பலர் சொல்கிறார்கள், தீராது. உயர்வது மேலே இருக்கிற பெட்டி மட்டும்தான். அச்சின் உயரம் டயரைப் பொறுத்தது. 215/75 ஆர் 15 டயர் போட்டால் அச்சின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. நிற்கும். பெட்டியை எவ்வளவு தூக்கினாலும் அதுதான் கணக்கு.

தனிக் கைதான் மேலானது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இரண்டு கையும் ஒரே கோட்டில் உட்கார வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அந்தத் துல்லியம் எங்கள் பட்டறையில் வரும் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை, கமான் பட்டைக்கே போனேன். சக்கரமும் இரண்டு சக்கரங்களின் இடைவெளியும் மட்டும் இழுக்கிற வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். கார் போட்ட தடத்திலேயே பின்னால் வருவது வந்துவிடும், ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும்.

சட்டத்தின் மேல் பெட்டி உட்கார்ந்த அன்று பெரியப்பா பார்க்க வந்தார். ஒரு காலத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். யாரையும் கேட்காமல், காரோடு மாட்டுகிற முன் கம்பியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். “முன்பாரம் பத்தலைடா. பின்பாரமா இருந்தா மாட்டுக் கழுத்தைத் தூக்கிரும். உன் காரு மட்டும் சும்மா இருக்குமா?” என்றார். எடை பார்க்கிற மிஷினைக் கம்பிக்கு அடியில் வைத்தோம். 28 கிலோ. மொத்த வண்டி 480 கிலோ. கொக்கியில் உட்கார வேண்டிய பாரம் மொத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் என்பது அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. அதற்குக் குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். ஸ்டெப்னியையும் தண்ணீர்க் கேனையும் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்ததும் முள் 55-இல் நின்றது. பெரியப்பா மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பெட்டிக்கு வெறும் பிளைவுட், இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனல், ஃபைபர் என்று மூன்று இருந்தன. 12 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏழரை, எட்டு கிலோ. எந்தத் தச்சரும் அறுப்பார், ஸ்க்ரூ பிடிக்கும். ஆனால் மரைன், அதாவது தண்ணீர் தாங்கும் ரகம் என்று சொல்லி எனக்கு ஒரு கடையில் கொடுத்த பலகை முதல் மழையிலேயே ஓரம் ஊதிவிட்டது. மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அந்தத் தரத்தில் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது. ஒரு துண்டை வெட்டி வீட்டிலேயே வேகவைத்துப் பார்க்கலாம், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பஃப் பேனலில் வெயில் உள்ளே இறங்காது, அது பெரிய சுகம். ஆனால் நுரையில் ஸ்க்ரூ நிற்காது, வெட்டிய தகட்டு ஓரத்தை உப்புக் காற்று தின்னும்.

நமக்கு மட்டும் கையருகே இருக்கிற வழி ஃபைபர். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற பொருளைப் பழுது பார்ப்பவர்களுக்கு நம் பெட்டி எம்மாத்திரம்? 6 மி.மீ. பிளைவுட்டின் வெளிப்புறம் ஒரு அடுக்குக் கண்ணாடி இழை மேட், அதன் மேல் இறுகிக் கெட்டியாகிற ரெசின். சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோ வந்தது. வந்த அண்ணன் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். “தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள போட்டுடணும். பத்து மணிக்கு மேல கலக்குனா டப்பாவுலயே இறுகிடும்” என்றார். ஒரு சின்ன டப்பா அளவு கலக்குவார், பிரஷ்ஷால் அழுத்தி அழுத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றுவார், தீர்ந்த பிறகுதான் அடுத்த டப்பா. ரெசினை இறுகவைக்கச் சேர்க்கிற கோபால்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்.

கொக்கி விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. டிராக்டருக்குப் போடுகிற வளையமும் பின்னும் எந்தக் கோணத்திலும் திரும்பும், ஆனால் வழியெல்லாம் கடகடவென்று அடிக்கும். 50 மி.மீ. பந்துக் கொக்கி சத்தமில்லாதது. கரையிலிருந்து செங்குத்தாக இறங்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். பந்தையே போட்டேன், குறுக்காக இரண்டு சங்கிலியும்.

படுக்கையை மேலே கூடாரமாக வைப்பதா, பெட்டிக்குள்ளா? மேலே காற்று வரும். ஆனால் ஐம்பது அறுபது கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு சரிந்த கரையில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே படுப்பதென்றால் புழுக்கமும் கொசுவும்தான் தொல்லை. இரண்டு பக்கமும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நீள ஜன்னல், இரும்பு வலைக்குப் பதில் நைலான் வலை, மேலே மடக்குகிற பலகை என்று வைத்தோம். நிறுத்தும்போது ஜன்னலைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துகிறேன். ஆற்று மணலில் மட்டும் இரவில் தங்குவதில்லை. மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் பகலில்கூட இறங்குவதில்லை. கோடியக்கரை சரணாலயத்துக்கு வெளியே, தெரிந்தவர் தோப்பில் ஒரு மாசி மாத இரவு கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் இரண்டையும் திறந்து படுத்தோம். விடியற்காலை போர்வை தேட வேண்டியிருந்தது.