வடசென்னைக் காற்றில் யார் பங்கு எவ்வளவு: கணக்கெடுப்பா, ஃபில்டரா, சென்சாரா?

மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்கள், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, துறைமுக லாரிகள், கடல். பிஎம் 2.5-இல் (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகளில்) இவற்றின் பங்கைப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு.

உமிழ்வுக் கணக்கெடுப்பில் ஊரை 2 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, எரியும் எரிபொருளையும் ஓடும் வண்டிகளையும் உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகு எரிபொருளுக்கோ ஓட்டத்துக்கோ எவ்வளவு மாசு என்ற எண்) பெருக்குகிறோம். ஆலையைப் பெயர் சொல்லிக் காட்ட இதுவே தோது. ஆனால் பட்டியலில் ஏறாத இரவுக் குப்பை எரிப்பு கணக்கிலும் ஏறாது. டன் கணக்கில் கக்குவதெல்லாம் மூக்குக்கு வருவதும் இல்லை. உயரமான புகைபோக்கியைவிடத் தெருவோர ஜெனரேட்டர் நெருக்கம்.

ஃபில்டர் வழிதான் வேதியியல் சாட்சி. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை இழுக்க வேண்டும். துகளின் எடைக்கும் தனிமங்களுக்கும் டெஃப்லான் ஃபில்டர், கரிமத்துக்குக் குவார்ட்ஸ் ஃபில்டர். குவார்ட்ஸை முன்கூட்டியே சூளையில் சுடாவிட்டால் அதில் ஒட்டியிருக்கும் கரிமமும் கணக்கில் சேரும். விறகு எரியும்போது உண்டாகும் லெவோகுளுக்கோசன் என்ற சேர்மம் விறகுப் புகையையும், வனேடியமும் நிக்கலும் கனரக எண்ணெயையும் காட்டும். 2020-இல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 0.5 விழுக்காடாக இறங்கியபின் வனேடியத் தடம் மங்கிவிட்டதால், பழைய கப்பல் புகை விவரங்களை அப்படியே போடக் கூடாது.

சென்னையில் ரொம்பவே இடறுவது குளோரைடு. கடலுப்பும் தரும், குப்பை எரிப்பும் தரும். கடல்நீரில் அது எடையில் சோடியத்தைப்போல் சுமார் 1.8 மடங்கு, மாதிரியில் அதைத் தாண்டினால் எரிப்பைச் சந்தேகிக்கலாம். குறைந்தால் எரிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காற்றிலுள்ள நைட்ரிக் அமிலம் கடலுப்பின் குளோரைடை வாயுவாக விரட்டிவிடும்.

ஃபில்டர் முடிவுகளிலிருந்து பங்கு பிரிக்கும் மென்பொருள்கள் இரண்டு: சிஎம்பி (வேதி நிறைச் சமநிலை), பிஎம்எஃப் (நேர்மறை அணிக் காரணியாக்கம்). சிஎம்பி-க்குச் சில மாதிரிகள் போதும், ஆனால் உள்ளூர் மூலங்களின் வேதி விவரம் வேண்டும். பிஎம்எஃப்-க்கு அது வேண்டாம்; நூறு மாதிரியாவது வேண்டும், வரும் காரணிகளுக்கு (ஒன்றாக ஏறி இறங்கும் பொருள்களின் குழுக்களுக்கு) எது எந்த மூலம் என்று பெயர் வைப்பதும் நம் தலையில். மண்ணையும் சாலைப் புழுதியையும் கட்டுமானத் தூசையும் இரண்டுமே குழப்பும். கந்தக வாயு காற்றில் மாறி உண்டாகும் சல்ஃபேட் எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்பதும் இரண்டுக்கும் தெரியாது. அதற்குக் கணக்கெடுப்போடு புகை காற்றில் எப்படிப் பரவுகிறது என்று கணிக்கும் கணினிக் கணக்கையும் ஓட்டியாக வேண்டும்.

மலிவு சென்சாரைக் காற்றுத் திசையோடு சேர்த்தால் மாசு வரும் பக்கம் தெரியும், பங்கு தெரியாது. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் அளவு ஊதிக் காட்டும். காற்றின் வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போன மணிகளின் திசையை நம்பாமல் நீக்கிவிடுங்கள்.

பணம் குறைவென்றால் எங்கள் தேர்வு: தென்மேற்குக் காற்றில் ஒரு சுற்று, வடகிழக்கில் ஒரு சுற்று சென்சார், அது காட்டும் இரண்டு இடங்களில் மட்டும் ஃபில்டர்.