பாலி ஸ்டைரீனின் குரலும் பிசிறும் சாக்சபோனும்

பங்க் ராக் என்றால் கிட்டார் இரைச்சலும் இளைஞர்களின் கூச்சலும்தான் என்று நினைப்பவர்கள், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பான 'ஜெர்ம்ஃப்ரீ அடலசன்ட்ஸ்' தட்டை முழுதாகக் கேட்க வேண்டும். 1978 நவம்பரில் பிரிட்டனில் வெளிவந்தது. சிங்கப்பூரில் சிட்டி ஹால் பக்கம் இசைத்தட்டு விற்கும் கடையில் அதன் மறுபதிப்பைக் கண்டதும் விலையைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டேன். சோதனைக் குழாய்களுக்குள் குழுவினர் நிற்கும் அட்டைப்படமே அப்படி இழுக்கும்.

பாடியவர் பாலி ஸ்டைரீன். தந்தை சோமாலியர், தாய் பிரிட்டிஷ்காரர். மாநிறம், பற்களில் கம்பி, அப்போது வயது 21. எதையும் மறைக்காமல் மேடையேறிய பெண். அந்தக் காலத்து ராக் உலகில் அது சின்ன விஷயமல்ல.

என்னைக் கட்டிப்போட்டது சாக்சபோன். உயர்நிலைப்பள்ளி இசைக்குழுவில் நான் ஆல்ட்டோ சாக்சபோன் வாசித்தவள். சுரம் பிசிறினால் பயிற்றுநர் கையை உயர்த்தி மொத்தக் குழுவையும் நிறுத்திவிடுவார். இந்தத் தட்டில் ரூடி தாம்சன் பிசிறவிட்டே ஊதுகிறார். அந்தப் பிசிறில்தான் பாட்டின் கோபமே இருக்கிறது. 'ஐடென்டிட்டி'யைக் கேளுங்கள். பாலி மூச்சு வாங்கும் இடைவெளியிலெல்லாம் சாக்சபோன் பாய்ந்து நுழைகிறது. அவர் அதற்கும் மேலே குரலை ஏற்றுகிறார். இருவரில் ஒருவராவது விட்டுக்கொடுக்க வேண்டுமே! கடைசிவரை இல்லை. 1977இல் வந்த குழுவின் முதல் சிங்கிளில் (தனிப்பாடல் தட்டில்) ஊதியவர், பதின்ம வயதுப் பெண்ணான லோரா லாஜிக். பள்ளி நாள்களில் அவரைப் பற்றி யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பாடல்களின் பொருளும் நமக்குத் தூரமில்லை. கடைகள், விளம்பரங்கள், செயற்கைப் பொருள்கள். தன் மூளையே விளம்பரங்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் பை என்று ஒரு பாட்டில் பாடுகிறார். பேரங்காடியில் பைக்கு 5 காசு கொடுக்கத் தொடங்கி, அதற்கென்றே துணிப்பைகளாக வாங்கிக் குவித்த நம் ஊரில் அந்த வரி நன்றாகவே உறைக்கிறது. தலைப்புப் பாடலில் வேகம் தணிகிறது. கிருமிக்குப் பயந்து ஓயாமல் பல் துலக்கும் பெண்ணின் கதை. பாலி அவளைக் கேலி செய்யவில்லை, பரிவோடு பாடுகிறார். மின்தூக்கிப் பொத்தானை முழங்கையால் அழுத்திய கோவிட் காலத்துக்குப் பிறகு இந்தப் பாட்டு எனக்கு இன்னும் நெருங்கிவிட்டது.

குறையும் உண்டு. கிட்டார் சில இடங்களில் தேவைக்கு மேல் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. குழுவின் பெயரை நிலைநாட்டிய அந்த முதல் சிங்கிளான 'ஓ பாண்டேஜ்! அப் யோர்ஸ்!' மூலத் தட்டில் இல்லை. தனியாகத் தேடிக் கேளுங்கள்.

1979இல் குழு கலைந்தது. அடுத்த தொகுப்பு 1995இல்தான் வந்தது. அதற்குள் இந்த ஒரே தட்டு, 1990களில் அமெரிக்காவில் எழுந்த ரயட் கேர்ள் என்ற பெண்ணிய பங்க் இயக்கத்தின் குழுக்களுக்கு வழிகாட்டியாகிவிட்டது. வீட்டில் பதின்ம வயது மகளோ தங்கையோ இருந்தால் அவசியம் வாங்கிக் கொடுங்கள். இசைக்குழுவில் ஏதாவது ஊதுகிறாள் என்றால் இன்றே வாங்குங்கள்.