சீனாய் பைபிள் இணையதளம்: ஒரு மெய்ப்புத் திருத்துநர் பார்த்தபோது

அச்சகங்களில் 22 வருடம் மெய்ப்புப் பார்த்தவள் நான். ஒரு பக்கம் கைக்கு வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எங்கே தவறியிருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். அந்தப் பழக்கத்தோடுதான் இரண்டு மாதமாக கோடெக்ஸ் சினாய்டிகஸ், அதாவது சீனாய் பைபிள், இணையதளத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புதிய ஏற்பாடு முழுவதும் அடங்கிய கிரேக்கப் பிரதிகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான். 4-ஆம் நூற்றாண்டில் விலங்குத் தோலில் கையால் எழுதியது. அதை வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல், எழுத்து எழுத்தாகப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது.

இந்தச் சுவடி இன்று ஓரிடத்தில் இல்லை. சீனாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீனா மடத்திலிருந்து 1844-இல் டிஷெண்டார்ஃப் என்ற ஜெர்மன் அறிஞர் 43 ஏடுகளை லைப்சிக்குக் கொண்டுபோனார். 1859-இல் இன்னொரு பெரும்பகுதி ரஷ்யாவுக்குப் போனது. அதைத்தான் 1933-இல் சோவியத் அரசு 1,00,000 பவுண்டுக்கு பிரிட்டனுக்கு விற்றது. 1975-இல் மடத்துக்குள்ளேயே மேலும் சில ஏடுகள் கிடைத்தன. லண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் ஆகிய நான்கு இடத்தாரும் சேர்ந்து 2009-இல் இதை இணையத்தில் முழுமையாக்கினார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பிரிந்திருந்த ஏடுகள் வரிசையாகப் புரள்வதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

தளம் இயங்கும் விதம் எளிது. புத்தகம், அதிகாரம், வசனம் தேர்ந்தெடுத்தால் ஏட்டின் படம் ஒரு பக்கமும், அதிலுள்ள கிரேக்கம் அச்செழுத்தில் இன்னொரு பக்கமும் வரும். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படம் போக, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும் உண்டு. அதில் தோலின் சுருக்கமும், வரி போடக் கீறிய கோடுகளும் தெரிகின்றன. ஆனால் நான் இந்தத் தளத்தைக் கொண்டாடுவது வேறொன்றுக்காக. திருத்தம் உள்ள சொல்லுக்குப் போனால் முதலில் எழுதியவர் என்ன எழுதினார், பின்னால் வந்தவர் எதை மாற்றினார், அதற்கும் பின்னால் வந்தவர் என்ன செய்தார் என்று அடுக்கடுக்காகக் காட்டுகிறது. சுவடி முழுக்க ஏறத்தாழ 23,000 திருத்தங்கள். சராசரியாகப் பக்கத்துக்கு முப்பது. நான் பார்த்த மிக மோசமான கேலி (galley) புரூஃபில், அதாவது பக்கம் பிரிக்காத முதல் மெய்ப்பில்கூட, அவ்வளவு இருந்ததாக ஞாபகம் இல்லை.

முதலில் திறக்க வேண்டிய இடம் லூக்கா 10. நல்ல சமாரியன் கதை: வழியில் அடிபட்டுக் கிடப்பவனை இருவர் பார்த்தும் கடந்துபோக, மூன்றாவதாக வரும் சமாரியன் காப்பாற்றுவான். ஆசாரியன் வருகிறான், பார்க்கிறான், "பக்கமாய் விலகிப்போனான்" என்று 31-ஆம் வசனம் முடிகிறது. லேவியன், அதாவது ஆலய ஊழியன், வருகிறான், பார்க்கிறான், அவனும் "பக்கமாய் விலகிப்போனான்" என்று 32-ஆம் வசனம் முடிகிறது. கிரேக்கத்திலும் இரண்டும் ஒரே வினைச்சொல்லில்தான் முடிகின்றன. எழுதியவர் முதல் "விலகிப்போனான்" வரை எழுதிவிட்டு மூலப்படியைத் திரும்பப் பார்த்திருக்கிறார். கண் இரண்டாவது "விலகிப்போனான்" மேல் விழுந்துவிட்டது. லேவியன் கதையிலிருந்தே காணாமல் போய்விட்டான்! பின்னால் ஒருவர் கவனித்து அவனைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்.

இதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு சட்டக் கையேட்டில் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள் "அபராதம் விதிக்கப்படும்" என்று முடிந்தன. அச்சுக் கோத்தவர் இரண்டாவதை விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன், ஏனென்றால் படித்தால் பொருள் தடைப்படவே இல்லை. அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. எழுத்துப் பிழை கண்ணில் குத்தும். விடுபட்ட வரி குத்தாது. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது எந்த மொழி ஏட்டுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

அந்தப் பக்கங்களைப் பார்த்தால் எழுதியவர்மேல் கோபம் வராது. செய்தித்தாள் மாதிரி பக்கத்துக்கு நான்கு பத்திகள், பத்திக்கு 48 வரிகள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எல்லாம் பெரிய எழுத்து, ஒரே ஓட்டம். குறைந்தது மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள் என்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு டி, பி என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். டி என்பவர் ஒழுங்காக எழுத்துக்கூட்டுவார், பி என்பவருக்கு அது வரவே வராது. சில இடங்களில் டி மற்றவர் எழுதிய தாளை எடுத்துவிட்டுத் தானே புதுத்தாள் எழுதிச் செருகியிருக்கிறார். ஒவ்வொரு அச்சகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், எனக்குத் தெரியும்.

கண் தவறியதெல்லாம் ஒரு வகை. அறிந்தே கை வைத்த இடங்கள் இன்னொரு வகை, அவைதான் என்னை இரவு வெகுநேரம் உட்கார வைத்தன. மத்தேயு 24:36. அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்று இயேசு சொல்லும் இடம். இந்தப் பிரதியில் முதலில் எழுதியவர் "குமாரனும் அறியார்" என்ற பொருள்படும் சொற்களையும் எழுதியிருக்கிறார். ஒரு திருத்துநர் அவற்றை நீக்கச் சொல்கிறார். பிறகு வந்தவர் வேண்டும் என்று மீட்கிறார். குமாரனுக்கே தெரியாதா என்ற சங்கடம்தான் நீக்கியவர் கையைப் பிடித்து இழுத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் மாற்கு 13:32-இல் அதே சொற்கள் அப்படியே இருக்கின்றன. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்கள்: மாற்கில் குமாரன் உண்டு, மத்தேயுவில் இல்லை. சிறுவயதிலிருந்து இரண்டையும் படித்திருக்கிறேன், ஒரு தடவைகூட இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

லூக்கா 22:43, 44-இலும் இதே இழுபறி. பிடிபடுவதற்கு முன் கெத்செமனேயில் ஜெபித்த இயேசுவின் வேர்வை இரத்தத் துளிகளாக விழுந்தது என்ற வசனங்கள். எழுதியவர் எழுதினார், ஒருவர் நீக்கக் குறியிட்டார், பின்னால் ஒருவர் அந்தக் குறியை ரத்து செய்தார். நீக்க வேண்டிய எழுத்துகளின் மேல் புள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். எங்கள் தொழிலில் அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்தால் 'ஸ்டெட்', அதாவது அடித்தது தவறு, இருக்கட்டும் என்று அர்த்தம். முதல் சில நாள் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்.

ஒற்றை எழுத்தில் பொருள் புரளும் இடம் 1 தீமோத்தேயு 3:16. முதலில் எழுதியவர் எழுதியது "அவர்" என்று பொருள்படும் இரண்டெழுத்துச் சொல். "தேவன்" என்ற சொல்லைப் புனிதச் சுருக்கமாக, அதாவது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டுமாக, எழுதினால் அதுவும் இரண்டெழுத்துதான். வட்டத்துக்குள் ஒரு சிறு கோடும், மேலே ஒரு கோடும்தான் வித்தியாசம். இங்கே பிற்காலக் கை ஒன்று வரிக்கு மேலே எழுத்துகளைச் சேர்த்து "தேவன்" ஆக்கியிருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்கிறது.

எல்லாத் திருத்தத்துக்கும் உள்நோக்கம் தேடவும் கூடாது. மாற்கு 1:1-இல் "தேவகுமாரன்" என்பது முதலில் எழுதியதில் இல்லை, வரிக்கு மேலே சேர்த்திருக்கிறார்கள். பக்தியில் சேர்த்தது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் இயேசு, கிறிஸ்து, குமாரன், தேவன் என்ற நான்கும் இங்கே இரண்டிரண்டு எழுத்துச் சுருக்கங்கள், நான்கும் ஒரே எழுத்தில் முடிகின்றன. தொடர்ந்து எழுதும்போது பாதி தவறிப்போவது மிகச் சுலபம். நான் மெய்ப்பு பார்த்தவள் என்பதால் தவறியது என்ற பக்கமே சாய்கிறேன். சேர்த்ததுதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

அப்புறம், நம் பைபிளில் இருந்தும் இதில் இல்லாதவை. மாற்கு 16:8-உடன் நின்றுவிடுகிறது. கல்லறையிலிருந்து பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், கீழே ஒரு அலங்காரம், அடுத்த பத்தியில் லூக்கா தொடங்குகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானில் இல்லை. கர்த்தருடைய ஜெபத்தில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" இல்லை. எங்கள் சபையில் மூத்த அக்கா ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்படித் தோண்டினால் விசுவாசம் என்ன ஆகும்மா?" என்று கலங்கினார். மடிக்கணினியைக் கொண்டுபோய் லேவியன் காணாமல் போன இடத்தையும், அவனைத் திரும்பக் கொண்டுவந்த கையையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை பேர் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

தளத்துக்கு எல்லை உண்டு. எது மாறியது என்று காட்டும், ஏன் மாறியது என்று சொல்லாது. மொழிபெயர்ப்பு எல்லாப் பக்கத்துக்கும் இல்லை, தமிழில் கிடையாது. கிரேக்க எழுத்துகளை அடையாளம் காணவாவது ஒரு வாரம் செலவழித்துவிட்டு வாருங்கள், பக்கத்தில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரே ஒரு பிரதி என்பதும் மனதில் இருக்கட்டும். புதிய ஏற்பாட்டுக்கு 5,000-க்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. இதற்கு இணையான பழமையுள்ள வத்திக்கான் பிரதியையும் வத்திக்கான் நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் எபிரெயர் 1:3-க்குப் பக்கத்தில், யாரோ ஒரு சொல்லை மாற்றியதைக் கண்டு கொதித்துப்போன ஒருவர், "மூடனே, கெட்டவனே, பழையதை விட்டுவை, மாற்றாதே" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவசியம் தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு ஏடு. லைப்சிக்கில் இருக்கும் பகுதியில் எஸ்தர் புத்தகம் முடியும் இடம். பின்னாளில் வந்த திருத்துநர் ஒருவர் அங்கே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: இரத்தசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) பாம்பிலஸ் தன் கையால் திருத்திய மிகப் பழைய பிரதியோடு இதை ஒப்பிட்டேன் என்று. அந்தப் பழைய பிரதியின் முடிவில் பாம்பிலஸ் எழுதியிருந்ததையும் அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார். அந்தோனினஸ் ஒப்பிட்டார், பாம்பிலஸ் ஆகிய நான் சிறையில் இருந்து திருத்தினேன், இதைப்போல ஒரு பிரதி கிடைப்பது எளிதல்ல என்று பொருள்பட அது போகிறது. சாவு எப்போது வரும் என்று தெரியாமல் இரண்டு பேர் சிறைக்குள் உட்கார்ந்து மெய்ப்பு பார்த்திருக்கிறார்கள். பாம்பிலஸ் கொல்லப்பட்டுவிட்டார். அவர் கையால் திருத்திய அந்தப் பிரதி நம்மிடம் இல்லை. அந்தக் குறிப்பை மட்டும் பெரிதாக்கி, அச்செடுத்து, என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.