கிராண்ட் ஆவணத் தொகுப்பு: முதலில் அடிவரியைப் படியுங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுறப் படைகளுக்குத் தலைமை தாங்கிய யுலிசிஸ் எஸ். கிராண்டின் கடிதங்கள், தந்திகள், படை உத்தரவுகள் 32 தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. முதல் தொகுதி வந்தது 1967-இல். பதிப்பாசிரியர் ஜான் ஒய். சைமன் 2008-இல் காலமானபின் ஜான் மார்சலெக் பொறுப்பேற்றார். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் இவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

எல்லாம் தேதி வரிசை. டோனெல்சன் கோட்டையில் நிபந்தனையற்ற சரணாகதி கேட்ட 1862 பிப்ரவரி 16 கடிதம் 4-ஆம் தொகுதியில். மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான விக்ஸ்பர்க் 1863 ஜூலை 4 அன்று விழுந்தது, அது 8-ஆம் தொகுதியில். தென்புறத் தளபதி லீ சரணடைந்த அப்பொமாட்டக்ஸ், 1865 ஏப்ரல், 14-ஆம் தொகுதியில். பின்னால் கிடைத்த தாள்களை 32-ஆம் தொகுதியில் சேர்த்திருப்பதால் எந்தத் தேதிக்கும் அதையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கிராண்டின் எழுத்துப்பிழைகளில் கைவைக்கவில்லை. சரியான முடிவுதான், ஆனால் தேடுபெட்டியில் சரியான எழுத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் அவர் பிழையாக எழுதிய இடங்கள் வராது. வடபுறத் தளபதிகள் ஹாலெக், ஷெர்மன் என்று பெறுநர் பெயரையும் தேதியையும் வைத்துத் தேடுவது மேல்.

இந்தப் பதிப்பின் உயிர் ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே இருக்கும் மூல வரி. 'ஏ.எல்.எஸ்.' என்றால் அவரே எழுதிக் கையெழுத்திட்டது. வெறும் 'எல்.எஸ்.' என்றால் எழுத்தர் எழுத, அவர் கையெழுத்து மட்டும் போட்டது. 'நகல்' என்றிருந்தால் பெரும்பாலும் தலைமையகப் பதிவேட்டில் எழுத்தர் பார்த்து எழுதியது. அதில் சொல் மாறியிருக்கலாம், தேதி பிசகியிருக்கலாம். நகலை வைத்துக்கொண்டு கிராண்டின் சொல்லாட்சியைப் பற்றி வாதாடக் கூடாது. 'டி.எல்.சி.' அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், 'டி.என்.ஏ.' தேசிய ஆவணக் காப்பகம். அதை ஒட்டி வரும் எண் 108 என்றால் ராணுவத் தலைமையகக் கோப்பு, 94 என்றால் ராணுவ நிர்வாகத்தைக் கவனித்த அட்ஜுடன்ட் ஜெனரல் அலுவலகம்.

அவருக்கு வந்த கடிதங்கள் பொடி எழுத்தில் குறிப்புகளுக்குள் கிடக்கின்றன. தாண்டிப் போகாதீர்கள், அவற்றைப் படிக்காமல் பல உத்தரவுகள் புரியாது. முக்கியமில்லை என்று ஒதுக்கியவை தொகுதிக் கடைசியில் சுருக்கமாக மட்டுமே உள்ளன. முழு வாசகம் வேண்டுமானால் மூலத்துக்குத்தான் போகவேண்டும்.

மனைவி ஜூலியாவுக்கு எழுதிய கடிதங்கள் 1844 முதல் நிறையவே உண்டு. ஜூலியா எழுதிய பதில்கள் பெரும்பாலும் இன்று இல்லை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த இழப்பு உறுத்துகிறது.

31-ஆம் தொகுதியை அவசரமாகப் படிக்க வேண்டாம். தொண்டைப் புற்றுநோயால் பேச முடியாமல் போன கிராண்ட், 1885 ஜூலை 23-இல் இறப்பதற்கு முந்தைய வாரங்களில் மருத்துவருக்கு எழுதிக் காட்டிய துண்டுக் குறிப்புகள் அதில் இருக்கின்றன. அதே நாட்களில் முடித்த தன்வரலாற்றின் கையெழுத்துப் படிக்குக் காங்கிரஸ் நூலகத்தின் படங்களைத் திறந்து பாருங்கள். அடித்தல் திருத்தலை அச்சில் பார்க்க முடியாது.