ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செயலட்டை: மூன்று வருட அனுபவம்

கிளிநொச்சியில் நான்காம், ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாகச் செயலட்டைகளை இணையக் கருவிகளில்தான் தயாரிக்கிறேன். என்னை இதில் இறக்கியது ஒரு பிள்ளையின் கொப்பி. 402 இலிருந்து 178 ஐக் கழித்து 376 என்று எழுதியிருந்தாள். 2 இலிருந்து 8 போகாது என்றதும் 8 இலிருந்து 2 ஐக் கழித்துவிட்டாள். பத்தினிடத்திலும் அதே கதை. அது கவனக்குறைவு இல்லை, அவள் சரியென்று நம்பிப் பிடித்து வைத்திருந்த முறை. புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளில் இப்படியான கணக்கு ஒன்றிரண்டுதான் வரும். அவளுக்கு இருபது வேண்டும்.

முதலில் ஆயத்தமாகச் செயலட்டை தரும் தளங்களைப் பார்த்தேன். வெறும் எண் கணக்குக்கு அவை நல்லவை, விடைத்தாளும் கூடவே வரும். வசனக் கணக்கில்தான் சிக்கல். ஒரு தளத்தில் தமிழில் அடித்து இறக்கினால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். இன்னொன்றில் எழுத்துக்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாக வந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த வினாக்களையும் யூனிகோட்டுக்கு மாற்றித்தான் போட வேண்டும். திரையிலேயே செய்து, தானாகத் திருத்தும் செயலட்டைகளும் உண்டு. ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். அதை விட்டுவிட்டேன்.

கடைசியில் நிலைத்தது கூகுள் ஷீட்ஸ். ராண்ட்பிட்வீன் என்ற சூத்திரத்துக்குக் கீழெல்லை, மேலெல்லை கொடுத்தால் இடையில் ஓர் எண்ணைத் தரும். நான் இலக்கம் இலக்கமாக அமைத்தேன்: மேலெண்ணின் ஒன்றினிடத்தில் 1 முதல் 4, கீழெண்ணில் 5 முதல் 9, மேலெண்ணின் பத்தினிடத்தில் எப்போதும் பூச்சியம். எல்லாக் கணக்கிலும் அவள் கடன் வாங்கியே ஆக வேண்டும்.

ஒன்றில் கட்டாயம் கவனம் வேண்டும். தாளில் எதை மாற்றினாலும் இந்த எண்களும் மாறிவிடும். முதல் தடவை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, திருத்த உட்கார்ந்தால் திரையில் வேறு கணக்குகள். நாற்பது கணக்கையும் கையால் செய்து திருத்தினேன். இப்போது எண்களை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் ஒட்டிய பிறகுதான் அச்சுக்குப் போகிறது. கடைக்குக் கொண்டு போவதும் பிடிஎஃப் ஆகத்தான், இல்லாவிட்டால் அங்குள்ள கணினியில் எழுத்துரு மாறிவிடும்.

தாளின் தலைப்பில் பிள்ளையின் பெயரும் வரும்படி செய்திருக்கிறேன். "ரீச்சர், இது எனக்கெண்டு அடிச்சதோ?" என்று அவள் கேட்டாள். மூன்றாவது தாளில் 402 மறுபடி வந்தது. பூச்சியத்தை வெட்டி மேலே 9 போட்டிருந்தாள். விடை 224.

வசனக் கணக்கை மட்டும் எந்தக் கருவியிடமும் விடுவதில்லை, நானே எழுதுகிறேன். இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. இன்று 28 அடி 9 அங்குலம் என்றால் இன்னும் எவ்வளவு ஏற வேண்டும்? இதில் கடன் வாங்கினால் 10 வராது, 12 வரும். இந்தக் கணக்கில் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகம் வேறெதிலும் வருவதில்லை. சிறுபோக நெற்செய்கை எத்தனை ஏக்கர் என்பது குளத்து நீரைப் பார்த்துத்தானே தீர்மானமாகும், வீட்டில் அதே பேச்சுத்தான். போன மாதம் ஒருவன் எழும்பி, "இல்லை ரீச்சர், இண்டைக்கு 30 அடி, அப்பா சொன்னவர்" என்றான். அடுத்த வகுப்புக்கான தாளில் எண்ணை மாற்றிவிட்டேன்.